சட்டைப் பையில் கிடந்த போல்ட் தலை

மகன்,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் நீ என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சமையலறையிலிருந்து நாலு எட்டு வைத்தால் உன் அறை. கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனால் எனக்கு வாயில் வருவது பாதி. மீதி கையில்தான் வரும். பள்ளிக்கூட ஆபீஸில் இத்தனை வருடம் வேலை பார்த்த பிறகும், லீவு வேண்டுமென்றால் சீட்டில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு, பெரியவர்கள் வருவதற்குள் நகர்ந்துவிடுகிறவள் நான். நீயே இதைக் கேலி செய்திருக்கிறாய். "எங்கம்மா டிகிரி படிச்சதே வாயத் தொறக்காம இருக்கத்தான்" என்று போனில் சரண்யாவிடம் சொல்லிச் சிரித்தாய். அப்போது உங்களுக்குப் பரிசம்கூடப் போடவில்லை. நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கோபமில்லை, சிரிப்புத்தான் வந்தது. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. சரண்யா படிக்கட்டும், உன் அப்பா படித்தாலும் சரி. ஏன் ஒட்டவில்லை என்பது படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் சந்தேகம் இருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து இருக்கிறது. நாளைக்கு மறுவீட்டு விருந்துக்குச் சரண்யாவை அந்தக் காரில் வத்தலக்குண்டுக்குக் கூட்டிப் போகப் போகிறாய். இங்கே பெருமாள்மலையில் ஏறி உட்கார்ந்தால் கீழே போய்ச் சேரும்வரை இறக்கம், வளைவு, மறுபடி இறக்கம். பிரேக்கை நம்பித்தான் அந்த ரோட்டில் இறங்க வேண்டும். அந்தப் பிரேக்கின் இடது பக்கத்தைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

நீ காரைப் பிரித்த நாலு நாளும் நான் சமையலறை ஜன்னலில்தான் இருந்தேன். வளைவில் திருப்பும்போது முன்சக்கரத்தில் சத்தம் வருகிறது, ஷாக் அப்சார்பரையும் பிரேக் பேடையும் நீயே வீட்டில் மாற்றிவிடுகிறேன் என்றாய். உன் அப்பா மெக்கானிக்கிடம் விடச் சொன்னார். "போன்ல பாத்தே செஞ்சிரலாம்ப்பா" என்றாய். சரண்யா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப்பெண் பார்க்கும்போது ஓர் ஆணின் கை இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்யும், அதையும் பார்த்தேன். திங்கள்கிழமை பாதி வேலை முடிந்தது. பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. நம் ஊர் மழைக்கும் மேகத்துக்கும் கொடியில் போட்ட துணியே நாலு நாள் காய்வதில்லை. பத்து வருடம் இந்த ஈரத்தில் ஓடிய வண்டியின் அடியில் இருக்கும் இரும்பு, மரையோடு மரை கடித்துக்கொண்டு ஒன்றாகிப் போயிருக்கும். செவ்வாய் முழுக்க ஸ்பானரும் கையுமாக அதோடு மல்லுக்கட்டினாய். புதனும் அப்படியே. உன் அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ஏலே, பானாவுல பைப்பச் சொருகி ஏறி நில்லுடா, தானா வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை ஏறி நின்றாய். ஒரு சத்தம் கேட்டது. இறுகிய போல்ட் விட்டுக்கொடுக்கும்போது கிறீச்சென்று இழுத்துக்கொண்டு வரும். அது எனக்குத் தெரியும், உன் அப்பாவோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்தவள் நான். அன்றைக்குக் கேட்டது அதில்லை. டக்கென்று ஒரே சத்தம். நீ விழப் பார்த்துச் சமாளித்து நின்றாய். பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்க்காமல், முதலில் படியைப் பார்த்தாய், சரண்யா இருக்கிறாளா என்று. அப்புறம் அப்பாவின் நாற்காலியைப் பார்த்தாய். இரண்டும் காலி. ஜன்னலை மட்டும் நீ பார்க்கவில்லை.

நான் வெளியே வந்து என்னவென்று கேட்டேன். "கழண்டுருச்சும்மா, எல்லாம் ஓகே" என்றாய். மூன்று நாள் வராத போல்ட் வந்துவிட்டால் ஒருவன் ஊரைக் கூட்டியிருப்பான். நீ ஓகே என்றாய். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டி, சக்கரத்தையும் ஏற்றி, கையைக் கழுவிவிட்டாய். முறிந்த போல்ட்டைத் துளை போட்டு எடுத்திருப்பாயோ என்று நானே உனக்காக ஒரு காரணம் தேடிப் பார்த்தேன். ஆனால் அன்று காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. மாவுகூட அரைக்க முடியாமல் உங்களுக்கு உப்புமாதான் செய்தேன். எந்த மிஷினை வைத்துத் துளை போட்டிருப்பாய்?

மறுநாள் உன் நீலச் சட்டையை ஊறவைக்கும்போது பையில் ஏதோ கனமாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு போல்ட்டின் தலை. தலை மட்டும்தான், உடல் இல்லை. முறிந்த இடம் புதுத் தகரம்போல வெள்ளையாக இருந்தது. நீ வாங்கி வந்த பாக்கெட் அலமாரியில் இருக்கிறது. இரண்டு புதுப் போல்ட்டில் ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன நினைப்பது? அந்த உடல் இன்னும் சக்கரத்துக்குள்ளேதான் இருக்கிறது. இரண்டு போல்ட் பிடிக்க வேண்டிய பிரேக்கை ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் நினைப்பது தப்பாக இருக்கலாம், எனக்கு வண்டி வேலை தெரியாது. ஆனால் ஆள் முகம் தெரியும்.

நேற்றுச் சாப்பிடும்போது சரண்யா விளையாட்டாகத்தான் கேட்டாள், "ஏங்க, எறக்கத்துல வண்டி நிக்கும்ல? எங்கம்மா வீட்டுக்கு நேரா உருண்டு போயிராதுல்ல?" என்று. நீயும் சிரித்தாய். "நின்னா என்ன, உருண்டா என்ன, சீக்கிரம் போய்ச் சேந்தா சரி" என்றாய். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் உன் கையைப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. அப்போது அவளிடம் சொல்லியிருக்கலாம். எத்தனை சுலபமான கேள்வியாகக் கேட்டாள்.

நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். நீ ஒன்றாம் வகுப்புப் படித்தபோது அப்பாவிடம் பச்சை ஜீப் இருந்தது. பேத்துப்பாறைக்கும் பெருமாள்மலைக்கும் பூண்டு மூட்டையும் ஆட்களையும் ஏற்றுவார். ஒரு நாள் பின்சக்கரத்தில் சத்தம் கேட்டு வீட்டு வாசலிலேயே பிரித்தார். அன்றும் ஒரு போல்ட் வரவில்லை. இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார், அசையவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் வீட்டுக்குள் போய்த் தைலப் பாட்டிலை எடுத்து வந்தேன். உன் தாத்தா, என் அப்பா, சிலோனிலிருந்து வந்து இறங்கிய பிறகு யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் கொட்டகையில்தான் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் தலைவலிக்கும் தைலம்தான், தரை துடைக்கவும் தைலம்தான், இறுகிய பூட்டுக்கும் தைலம்தான். கொட்டகையில் பாத்திரத்தின் மூடி இறுகிக்கொண்டால் அவர் தைலத்தைத்தான் விடுவார், வந்துவிடும். அந்த நினைப்பில் பாதிப் பாட்டிலை அந்தப் போல்ட்டைச் சுற்றி ஊற்றினேன். நீ பக்கத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாய்.

போல்ட் வந்துவிட்டது. அப்பா தன் கைப்பலத்தால் வந்தது என்று நினைத்தார். நான் சொல்லவில்லை; அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். ஆனால் தைலம் போல்ட்டோடு நிற்கவில்லை. சக்கரத்துக்குள்ளே இறங்கி, பிரேக்குக்குள் இருக்கும் ரப்பரில் ஊறிவிட்டது. ரப்பருக்குத் தைலம் ஆகாது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து இறக்கத்தில் ஜீப் வந்துகொண்டிருக்கும்போது பெடல் அப்படியே உள்ளே போய்விட்டது. அப்பா மலைப் பக்கமாகச் சாய்த்து மண்ணில் உரசி நிறுத்தினார். உள்ளே இருந்த ஒரு அக்காவுக்கு மணிக்கட்டு ஒடிந்தது. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்று வரை முழுவதுமாக நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த ரப்பரை ஒரு மாதம் முன்புதான் செல்வம் என்கிற மெக்கானிக் மாற்றியிருந்தார். அப்பா ஜீப்பை இழுத்துக்கொண்டுபோய் அவர் பட்டறை முன்னால் நிறுத்திக் கத்தினார். நானும் உன் கையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். செல்வம் சக்கரத்தைக் கழற்றி, ரப்பரை எடுத்து, இரண்டு விரலில் நசுக்கிப் பார்த்தார். மூக்கிடம் கொண்டுபோனார்.

"அண்ணே, கோவப்படாதீங்க. ரப்பரு ஊறிப் பெருத்துப்போய்க் கெடக்கு. தைல வாசம் வருது. வீட்டுல யாரும் ஊத்துனீங்களா?"

"எங்க வீட்டுல யாருடா ஊத்தப் போறா? பழசையே மாட்டிவிட்டுட்டு இப்பக் கத கட்டுறியா?"

அப்போது நீ, "அம்மா..." என்று ஆரம்பித்தாய். என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாய். நான் உன் மேல்கையின் உள்பக்கத்தில் நகம் பதியக் கிள்ளினேன். நீ அழவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாய். செல்வம் உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், அப்புறம் ரப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளையை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு டிரைவர்கள் அவரிடம் வண்டி விடவில்லை. ஒரு வருடத்துக்குள் பட்டறையை மூடிவிட்டுக் கீழே எங்கேயோ போய்விட்டார். அந்த வருடம்தான் நான் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்று போட்டோ எடுத்து மாட்டினார்கள். அந்தப் போட்டோவை நிமிர்ந்து பார்க்க எனக்கு எப்போதும் ஒரு கூச்சம். என் கூச்ச சுபாவம் என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டீர்கள்.

உனக்கு அந்தக் கிள்ளு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயந்து கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ வளர்ந்த விதத்தை நான் கவனித்துக்கொண்டே வந்தேன். கண்ணாடி உடைந்தால் உடைந்துவிட்டது என்று மட்டும் சொல்வாய். பரீட்சையில் மார்க் குறைந்தால் ஓகே என்பாய். பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை நீ, சொல்லாமல் விடுகிற பிள்ளை. அதை எங்கே படித்தாய் என்று நான் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

நேற்று உன் அப்பாவிடம் தைலத்தைச் சொல்லிவிட்டேன். பதினேழு வருடம் கழித்து. நீங்கள் இருவரும் சரண்யாவின் சித்தி வீட்டுக்குப் போயிருந்தீர்கள். கத்துவார், தெருவே கூடும் என்று நினைத்தேன். மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரையே பார்த்துக்கொண்டு இருந்தார். "வாசம் எனக்கும்தான் வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அவர் அன்றைக்கு அப்படிக் கத்தியது எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. மகன், நம் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் அதை ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். இப்போது நாலாவதாக ஒருத்தி வந்திருக்கிறாள்.

இறுகிய போல்ட்டைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு உள்ள தகுதிதான். கம்பி பிரஷ் வைத்து முதலில் துருவைத் தேய்க்க வேண்டும், நீ தேய்க்கவில்லை. அதற்கென்று விற்கிற எண்ணெயை விட்டு ஒரு நாள் சும்மா விட வேண்டும், உனக்குச் சும்மா விட முடியவில்லை. சுத்தியலால் தலையில் நாலு தட்டுத் தட்டி, கழற்றுகிற பக்கம் திருப்புவதற்கு முன்னால் இறுக்குகிற பக்கம் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும். செல்வம் அப்படித்தான் செய்வார். அப்படியும் வராவிட்டால், வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். அதில் என்ன குறைந்துவிடப் போகிறது? முறிந்தது தப்பில்லை. எத்தனையோ பேர் கையில் முறிகிறது. முறிந்ததற்கு மேலே சக்கரத்தை மாட்டியதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

இனி என் பங்கைச் சொல்கிறேன். இன்று காலை நீங்கள் இருவரும் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனதும், சந்தேகம் தாங்காமல் நானே அந்தச் சக்கரத்தைக் கழற்றப் பார்த்தேன். சிரிக்காதே. சேலையைச் செருகிக்கொண்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டைத் தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் ஞாபகம் வைத்துத்தான் செய்தேன். மூன்று நட் வந்தது. நாலாவது வரவில்லை. பைப்பைச் சொருகி ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குள் இன்னொரு சந்தேகம் வந்தது: வியாழக்கிழமை நீ மாட்டிய நட், சனிக்கிழமைக்குள் எப்படி இறுகும்? துருப் பிடிக்க நேரமில்லை. நீதான் ஏறி நின்று இறுக்கியிருக்கிறாய். உள்ளே இருப்பது சரியில்லை என்று தெரிந்தவன்தான் வெளியே இருப்பதை அப்படி இறுக்குவான்.

பயந்துபோய் மூன்று நட்டையும் திரும்ப மாட்டினேன். அதில் ஒன்று கோணலாக ஏறிவிட்டது. பாதியிலேயே கனத்தது, அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். யாராவது வந்துவிடுவார்களோ என்ற அவசரத்தில் காலால் அழுத்தி இறுக்கிவிட்டேன். இப்போது அது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. மற்ற இரண்டும் சரியாக இறுகியதா என்றும் எனக்குத் தெரியாது. ஆக, உன் பிரேக்கைச் சந்தேகப்பட்டுப் போனவள், நன்றாக இருந்த சக்கரத்தையும் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கார் சாவி என் ஆபீஸ் பையில் இருக்கிறது. ஆணியில் தேடாதே. நாளைக்கு அதைத் தர மாட்டேன். திங்கள்கிழமை நல்ல மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கே வரச்சொல்லிச் சக்கரத்தைத் திறக்கலாம். அப்பாவும் நானும் பக்கத்தில் நிற்கிறோம். நாளைக்கு நீங்கள் எட்டு மணி பஸ்ஸில் போங்கள். சரண்யாவுக்கு ஜன்னல் பக்கம் சீட் பிடித்துக் கொடு, வளைவில் அவளுக்குக் குமட்டும்.

இதுவரை எழுதியதெல்லாம் சொல்ல வேண்டியது. கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத்தான் முதல் வரியிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். கார் இருக்கும்போது ஏன் பஸ் என்று சரண்யா கேட்பாள். கட்டாயம் கேட்பாள், அவள் கேட்கிற பெண். உன்னிடம் இப்போது ஒரு நல்ல காரணம் இருக்கிறது, நானே செய்து கொடுத்துவிட்டேன்: அம்மா நட்டைக் கோணலாக மாட்டிவிட்டாள். அதைச் சொன்னால் அவள் சிரிப்பாள், நீயும் சிரிப்பாய், விஷயம் அதோடு முடிந்துவிடும். அதைச் சொல்லாதே, மகன். பஸ் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் போல்ட் தலையை அவள் கையில் கொடுத்து, வியாழக்கிழமை என்ன நடந்தது என்று உன் வாயால் அவளிடம் சொல். அலமாரியில் புதுப் போல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அம்மா